ஊர் கூடினால்தான் கேட்பார்கள்

விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸிலும் அதன் பின்னால் வரும் வண்டிகளிலும் சீசன் டிக்கெட் எடுத்துப் போய்வரும் ஜோலார்பேட்டை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



இருபத்தெட்டு ஆண்டுகள் உங்களோடு இந்தப் பாதையில் போய்வந்தவன் நான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதினேன். ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனாலும் விடியுமுன் ஸ்டேஷன் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டால் தூக்கம் கலைந்துவிடுகிறது. சாப்பாட்டுப் பையோடு படியேறி ஓடிவரும் உங்கள் முகங்கள் கண்முன் வந்து நிற்கின்றன.

நம் பெட்டியில் அரசியல் பேசாத நாள் ஒன்று உண்டா? வாணியம்பாடி வருவதற்குள் பேச்சு சூடு பிடித்துவிடும். நான் ஆம்பூரில் இறங்கிய பிறகும் காட்பாடிவரை ஓயாது என்று மறுநாள் சொல்வீர்கள். எந்தக் கூட்டணி நிற்கும், எது உடையும், எந்த அமைச்சருக்கு எந்தத் துறை போகும் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. இத்தனை ஆண்டுப் பேச்சில் ஒரு கேள்வியை மட்டும் நானும் கேட்டதில்லை, நீங்களும் கேட்டதில்லை. நம் ஊராட்சியின் சென்ற வருடக் கணக்கை நம்மில் எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

என்னைப் பழமைவாதி என்று சொல்வீர்கள். அந்தப் பெயரை ஏற்றுக்கொள்கிறேன். வரவுக்குள் செலவு செய். கடன் வாங்குமுன் திருப்பிக் கொடுக்கும் வழியைப் பார். முன்னோர் வைத்துவிட்டுப் போனதில் நல்லதைக் காப்பாற்று, கெட்டதைக் கூச்சமில்லாமல் விடு. எதை மாற்றுவதானாலும் அதனால் பாதிக்கப்படப் போகிறவரை முதலில் கேள். என் அரசியல் இந்த நான்கு வரிதான். எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டையும் என்னிடம் இல்லை. இந்த நான்கில் கடைசி வரியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

2019 ஜூலை 12-ஆம் தேதி உங்களுக்கு நினைவிருக்கும். சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்த கோடை அது. மேட்டுச்சக்கரகுப்பத்திலிருந்து நம் ஸ்டேஷன்வரை குழாய் போட்டு, 50 டேங்கர் வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீரை நிரப்பி வில்லிவாக்கத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் திட்டத்துக்கு அரசு ஒதுக்கிய தொகை 65 கோடி ரூபாய். நாம் போய்வரும் அதே தண்டவாளத்தில் நம் தண்ணீரும் போனது. நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு அம்மா காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி ஒவ்வொரு வேகனாக எண்ணிக்கொண்டிருந்தார். ஐம்பதுவரை எண்ணி முடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தெருக்குழாய் வரிசைக்குத் திரும்பிப் போனார்.

தாகத்தில் தவித்த சென்னைக்குத் தண்ணீர் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. சித்திரை பிறந்தால் முக்குக்கு முக்கு மோர்ப்பந்தல் வைக்கிற ஊர் நம்முடையது. கேட்டிருந்தால் மனமாரக் கொடுத்திருப்போம். எவ்வளவு கொடுக்கலாம், எத்தனை நாளைக்குக் கொடுக்கலாம், கொடுத்தபின் நம் தெருக்களுக்கு எது மிஞ்சும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அப்படி யாரும் கேட்கவில்லை என்ற கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது.

பிறகு ஒருநாள் உட்கார்ந்து யோசித்தேன். சென்னை கேட்க நினைத்திருந்தாலும் யாரைக் கேட்டிருக்கும்? அன்று ஜோலார்பேட்டை நகராட்சிக்குத் தேர்ந்தெடுத்த தலைவரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. சுற்றியிருந்த ஊராட்சிகளில் ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. நமக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர் இருந்தார், அமைச்சராகவும் இருந்தார். ஆனால் எந்தத் தெருவில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பது அந்தத் தெருவின் வார்டு உறுப்பினருக்குத்தான் தெரியும். அந்த நாற்காலிகள் எல்லாம் 2016 அக்டோபரிலிருந்து காலியாகக் கிடந்தன.

அது நேர்ந்த வரலாற்றைப் பாருங்கள். 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பிறகு வழக்கு, மேல்முறையீடு, வார்டு வரையறை என்று மூன்று ஆண்டுகள் போயின. 2019 ஆகஸ்ட் 15 அன்று வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் அறிவிப்பு வந்தது. நவம்பர் 28 அன்று திருப்பத்தூர் மாவட்டம் பிறந்தது. எட்டே நாளில், டிசம்பர் 6 அன்று, புதிதாகப் பிரித்த மாவட்டங்களையும் அவற்றின் தாய் மாவட்டங்களையும் சேர்த்து ஒன்பது மாவட்டங்களில் வரையறையை முடித்துவிட்டுத் தேர்தல் வையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மாதக் கடைசியில் மற்ற 27 மாவட்டக் கிராமங்கள் ஓட்டுப் போட்டன. நாம் ஓட்டுப் போட்டது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில். நகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19-இல். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று 73, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள் சொல்லியும், ஒரு முழுப் பதவிக்காலம் நம் கிராமங்களுக்குத் தலைவர் இல்லாமலே கழிந்தது.

மாவட்டம் பிரிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. முன்பு ஒரு மனுக் கொடுக்க வேலூர் போக வேண்டும். காட்பாடிவரை ரயிலில் மட்டும் 84 கிலோமீட்டர். ஒருநாள் சம்பளம் போய்விடும். இன்று பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் திருப்பத்தூர் கலெக்டர் அலுவலகம். நிர்வாகச் சீர்திருத்தம் என்றால் இது உண்மையான சீர்திருத்தம்தான். ஆனால் கலெக்டரை நமக்குப் பக்கத்தில் கொண்டுவந்த அதே ஏற்பாடு, நம் ஊராட்சித் தேர்தலை இன்னும் இரண்டு ஆண்டுகள் தள்ளிவைத்தது. அதிகாரி அருகில் வந்தார், நம் பிரதிநிதி இல்லாமல் போனார். இதை அந்த இரண்டு ஆண்டில் நம் பெட்டியில் ஒருவர்கூடப் பேசவில்லை. நானும் பேசவில்லை. இன்று நினைத்தால் அதுதான் உறுத்துகிறது.

கேட்காமல் செய்ததன் விலை என்ன என்பதை நம் தோல் தொழிலைவிட நன்றாகச் சொல்லக்கூடியது வேறு எது? நம் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டை போட்டுத்தான் இங்கே தோல் பதனிட்டார்கள். மெதுவான வேலை, ஆனால் மண்ணுக்குப் பழகிய வேலை. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழு அறிக்கை கொடுத்தது. பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்பாதே, முழுத் தோலாக, செருப்பாக அனுப்பு என்று மத்திய அரசு ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நோக்கம் நல்லதுதான். அதனால் வளர்ந்த ஷூ கம்பெனிகளில் ஒன்றுதான் எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்தது. நம் ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் தையல் மெஷினில் உட்கார்ந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். அந்த நன்றியை நான் மறக்கமாட்டேன்.

ஆனால் அந்த ஆணை குரோம் முறையை நோக்கி டேனரிகளை வேகமாகத் தள்ளியது. குரோமும் உப்பும் கலந்த தண்ணீர் எங்கே போகும் என்று பாலாற்றங்கரை விவசாயியிடம் கேட்டவர் இல்லை. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டுவிட்டது என்ற ஆய்வு உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. தென்னை காய்ந்தது, கிணறு உப்பானது. டெல்லியில் போட்ட கையெழுத்து நல்ல எண்ணத்தில் போட்டதாகவே இருக்கட்டும். அதன் சுமையை வாணியம்பாடிக்காரரும் ஆம்பூர்க்காரரும்தான் சுமந்தார்கள்.

அந்த நிலைமையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது எந்த அரசும் அல்ல, எந்தக் கட்சியும் அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற ஒரு சாதாரணச் சங்கம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்திய நாட்டுச் சட்டமாக நிலைநிறுத்தியது. இன்று நாட்டின் எந்தச் சட்டக் கல்லூரியிலும் வேலூர் வழக்கைப் படிக்காமல் சுற்றுச்சூழல் சட்டம் படிக்க முடியாது. அந்தத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம், பாதிக்கப்பட்டவர்கள் என்று 29,193 பேரையும், பொறுப்பேற்க வேண்டியவை என்று 547 டேனரிகளையும் கண்டறிந்தது. ஆனாலும் ஈடு முழுதாகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, ஆறு வாரத்துக்குள் கொடுத்து முடியுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. 1991-இல் வழக்குப் போட்டபோது பிறந்த குழந்தைக்கு அப்போது 33 வயது நிறைந்திருந்தது.

இந்த வழக்கில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. சாதாரண ஜனங்கள் சங்கமாகச் சேர்ந்தால் நாட்டின் சட்டத்தையே மாற்றலாம் என்பது ஒன்று. தீர்ப்பு கையில் வந்த பிறகும் ஊர் விழித்திருக்காவிட்டால் அது காகிதமாகவே கிடக்கும் என்பது இன்னொன்று.

நம் மண்ணுக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. 1792-இல் பாராமகால் என்ற நம் பகுதி கும்பெனியார் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீட் என்ற அதிகாரி திருப்பத்தூரில் தங்கித்தான் நிலவரி ஏற்பாடுகளைச் செய்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மன்றோ பிற்பாடு சென்னை மாகாண கவர்னரானார். ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் விதை போட்டார்கள். இடையில் ஜமீன்தார் வேண்டாம், ஒவ்வொரு விவசாயியும் நேராக அரசோடு கணக்கு வைத்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு அது. ஜமீன்தார் கொடுமை குறைந்தது, அது நன்மை. ஆனால் ஊராகச் சேர்ந்து பொறுப்பேற்கும் பழக்கம் தளர்ந்தது. ஒரு பக்கம் சர்க்கார், மறுபக்கம் தனித்தனிக் குடியானவன், நடுவில் இருந்த ஊர் மெலிந்துபோனது.

இருநூற்று முப்பது ஆண்டு கழித்தும் அரசு நம்மோடு அப்படித்தான் பேசுகிறது. ரேஷன் அட்டைக்கு அரிசி, வங்கிக் கணக்குக்குப் பணம், கைபேசிக்குச் செய்தி. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் ரூபாய் நேராகக் கணக்கில் விழத் தொடங்கியது. இவற்றை நான் பழிக்கமாட்டேன். ரேஷன் அரிசி என் வீட்டு அடுப்பிலும் வெந்திருக்கிறது. ஆனால் அரசு ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துத் தனியாகக் கொடுக்கும்போது, நாமும் ஒவ்வொருவராகக் கைநீட்டி நிற்கப் பழகிவிடுகிறோம். ‘எனக்கு வந்ததா’ என்று கேட்கிறோம். ‘ஊருக்கு வந்ததா’ என்று கேட்க வாய் வருவதில்லை.

கொடுக்கிற பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கணக்கு எழுதியவன் சொல்லாமல் இருக்க முடியாது. 2021 ஆகஸ்ட் 9 அன்று தமிழக அரசே வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலைமீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னது. இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்ட கணக்கு அது. 2024-25-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 48,344 கோடி ரூபாய். உழைப்பாளியின் பையிலிருந்து இரவில் எடுத்ததைப் பகலில் அவன் மனைவி கணக்கில் போடுகிற நிதி நிர்வாகம் நெடுநாள் நிலைக்காது. குடும்பத்தைக் காப்பாற்ற நினைக்கிற எவரும், எந்தக் கட்சிக்காரரானாலும், இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்டுக் காட்டியவர் ஒருவர் நம் பாதையிலேயே இருந்தார். ஜோலார்பேட்டையில் பிரியும் ஒரு தண்டவாளம் சேலம் போகிறது. அந்தச் சேலத்தில் 1917-இல் நகராட்சித் தலைவர் ஆனவர் ராஜாஜி. பின்னாளில் இந்தியாவின் கவர்னர் ஜெனரல், எண்பது வயதில் 1959-இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா’ ஆட்சியை எதிர்த்தவர். அரசு கைவைக்கும் இடங்கள் குறைய வேண்டும் என்று வாதாடிய அந்த மனிதர் பொதுவாழ்வில் ஏறிய முதல் படி சாக்கடையும் தெருவிளக்கும் தண்ணீரும் பார்க்கிற நகராட்சி. சேலம் நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வருவதற்குக் காரணமாக இருந்தவரும் அவரே. 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி போட்டார். ஒன்றை விட்டால் இன்னொன்றை எங்கிருந்து எடுப்பது என்று கணக்கு சொல்லிவிட்டு விட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் அதே ராஜாஜியும் தவறினார். பள்ளியில் அரை நாள், மீதி நேரம் குடும்பத் தொழில் என்ற கல்வித் திட்டத்தை 1953-இல் யாரையும் கலந்துகொள்ளாமல் கொண்டுவந்தார். சாதித் தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிப்போடும் திட்டம் என்று நாடு கொதித்தது. 1954-இல் அவர் பதவி விலக நேர்ந்தது. அடுத்து வந்த காமராஜர் அதைக் கைவிட்டார். நான் மதிக்கிற தலைவர் செய்தது என்பதால் அது சரியாகிவிடாது. எந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையை மாற்றப்போகிறோமோ அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பனைக் கேட்கவில்லை. அறிவாளி ஒருவர் தனியாக எடுத்த முடிவைவிட, ஊர் கூடி எடுக்கும் முடிவில் தவறு குறையும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஊர் என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். அந்தச் சுளிப்பில் நியாயம் இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டை நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் குடவோலை போட்டு வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை என்று ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டினார்கள். எவ்வளவு கூர்மையான விதி! ஆனால் அது நிலம் வைத்திருந்த, வேதம் படித்தவர்களின் சபை. மற்றவருக்கு அங்கே இடமில்லை. கணக்குக் காட்டும் விதியைக் காப்போம், ஆளை ஒதுக்கும் விதியை மண்ணில் புதைப்போம். பழமையைப் போற்றுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

புதைத்தோமா? ஆம்பூருக்கு மேலே நாயக்கனேரி மலை ஊராட்சித் தலைவர் பதவி 2021 தேர்தலில் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர் எதிர்த்தது. போட்டியின்றித் தேர்வான பெண் பதவியேற்க முடியாமல் நெடுங்காலம் நீதிமன்றத்தில் காத்திருந்தார். நம் மாவட்டத்தில், நம் காலத்தில் நடந்தது இது. ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்று இதற்குப் பெயர் வைக்கிறவரை நான் என் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளமாட்டேன். எல்லோரும் உட்கார இடமில்லாத கூட்டத்தை ஊர் என்று சொல்ல எனக்கு நா எழாது.

இனி நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகுதான் முதன்முதலாக எங்கள் கிராம சபைக்குப் போனேன். அறுபது வயதுவரை போகாதது என் குற்றம். அக்டோபர் 2, பள்ளிக்கூட வேப்பமரத்தடி. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, விரித்த ஜமக்காளம். தீர்மானப் பதிவேட்டில் வந்தவர்களிடம் முதலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எழுதாத தீர்மானத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதிப் பேர் எழுந்து போனார்கள்.

செயலர் வரவு செலவை வேகமாக வாசித்தார். குடிநீர் மோட்டாருக்கு மூன்று முறை காயில் கட்டியதாக ஒரு வரி வந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர், லீவு நாள் என்பதால் வந்திருந்தார். “அண்ணா, அந்த வரியை இன்னொரு வாட்டி படிங்க” என்றார். படித்தார். “மோட்டார் ரிப்பேர் ஆனா எங்க தெருவுக்குத்தான் முதல்ல தண்ணி நிக்கும். இந்த வருஷம் ஒரு வாட்டிதான் நின்னுச்சு. மீதி ரெண்டு வாட்டி எப்ப கட்டுனீங்க?” என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. சண்டைக்கு வந்த தொனியும் இல்லை. வேப்பமரத்தடியே அமைதியானது.

பில்லை எடுத்து வரச் சொன்னோம். அன்று கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்கைத் திருத்தி வாசித்தார்கள். இருபத்தெட்டு ஆண்டு பேரேடு எழுதியும் எனக்குத் தோன்றாத கேள்வி, தெருக்குழாயில் குடம் வைத்து நின்ற அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது. சென்னையிலிருந்து எந்தத் தணிக்கை அதிகாரி வந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. தன் தெருவில் என்றைக்குத் தண்ணீர் நின்றது என்பது அவருக்குத்தானே தெரியும். அரசு நிர்வாகத்தைச் சீர்திருத்துவது பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அந்த ஒரு கேள்விதான் அது என்னவென்று எனக்கு விளக்கமாகச் சொன்னது.

நண்பர்களே, அரசு ஏன் நம்மைக் கேட்பதில்லை என்று இத்தனை நாள் கோபப்பட்டேன். இன்று எனக்குக் கிடைத்திருக்கும் பதில் இதுதான்: கேட்பதற்கு ஊர் என்று ஒன்று கூடியிருக்க வேண்டும். அரசின் கை சுருங்க வேண்டும் என்று விரும்புகிறவன், அந்தக் கை விட்ட இடத்தில் தன் கையைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடத்தைத் தரகரும் காண்ட்ராக்டரும் பிடித்துக்கொள்வார்கள். வரி குறைய வேண்டும், ஊழல் ஒழிய வேண்டும், மது ஒழிய வேண்டும் என்று ரயிலில் பேசிவிட்டு, கிராம சபை நாளன்று வீட்டில் படுத்திருந்தால் நம் பேச்சுக்கு மரியாதை இருக்காது.

உங்கள் பலம் உங்களுக்குத் தெரியவில்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஜோலார்பேட்டைத் தொகுதியின் முடிவைத் தீர்மானித்த வித்தியாசம் 1,091 வாக்குகள். நம் ஒரு வண்டியில் ஏறுகிற கூட்டம் அவ்வளவுதான். கிராம சபைக்கு அதுகூட வேண்டாம். 501 முதல் 3,000 பேர்வரை உள்ள ஊராட்சியில் நூறு பேர் வந்தால் கூட்டம் செல்லும். ஒரு பெட்டிக் கூட்டம் போதும்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கிராம சபை கூடும். இவற்றில் நான்கு நாள் கம்பெனிக்கும் ஆபீசுக்கும் லீவுதான். அந்த நாளில் இரண்டு மணி நேரம் வாருங்கள். தீர்மானம் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். வரவு செலவில் உங்கள் தெரு சம்பந்தப்பட்ட ஒரே ஒரு வரியைக் குறித்துக்கொண்டு அதைப் பற்றி மட்டும் கேளுங்கள். நகராட்சிக்குள் குடியிருப்பவர்களுக்குப் பகுதி சபைகள் இருக்கின்றன. 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் முதன்முறையாகக் கூட்டினார்கள். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.

முக்கியமான இன்னொன்று. மற்ற மாவட்டங்களில் 2019 கடைசியில் தேர்வான ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். நம் மாவட்டம் உட்பட ஒன்பது மாவட்ட ஊராட்சிகளின் ஐந்து ஆண்டு 2026 அக்டோபரில் நிறைகிறது. வார்டு வரையறையைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடக் கூடாது என்று மத்தியப் பிரதேச வழக்கில் 2022 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஒருமுறை ஐந்து ஆண்டு நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு பயணம் செய்தோம். மறுபடி அப்படி நடந்தால் அது அரசின் குற்றம் மட்டும் அல்ல. எந்தக் கட்சி ஆண்டாலும், குறித்த காலத்தில் தேர்தல் வையுங்கள் என்று ஒவ்வொரு கிராம சபையிலும் ஒரு தீர்மானம் நிறைவேற்றுவோம். வழக்குப் போட்ட வேலூர்க்காரர்களிடம் அன்று இருந்ததும் ஒரு சங்கமும் ஒரு மனுவும்தான்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் இல்லை. நாளைக் காலை வண்டியில் வழக்கம்போல் அரசியல் பேசுங்கள். எல்லோரும் பேசி முடித்ததும் ஒருவர் மட்டும், “நம்ம ஊர் கிராம சபை எந்தத் தேதி?” என்று கேளுங்கள். அந்தத் தேதியில் வேப்பமரத்தடிக்கு வாருங்கள். உங்களுக்கு முன்பே நான் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
ஜோலார்பேட்டையின் பழைய சீசன் டிக்கெட்காரன்